பழமை பழியைத் தீர்க்குமா?

ஒரு தீங்கு நிகழ்ந்து நூறாண்டுகள், இருநூறாண்டுகள் கடந்துவிட்டால், அத்தீங்கினால் விளைந்த பொருள் தூய்மை அடைந்துவிடுமா? இவ்வினாவை ஒரு வீட்டுப் பொருளை முன்வைத்து ஆராய்வது தெளிவு தரும். மேலைநாட்டு இல்லங்களில் உணவறைச் சுவரை ஒட்டி நிற்கும் 'சைடுபோர்டு' என்னும் நீண்ட அலமாரியை அதற்கு எடுத்துக்கொள்வோம். நூறாண்டு கடந்த சைடுபோர்டுகளை நல்ல விலை கொடுத்து வாங்கி வைப்போர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பலர் உளர். அந்நாடுகளில் குடியேறி வாழும் நம் பிள்ளைகளின் இல்லங்களிலும் அது இடம்பெறக்கூடும். ஆதலின் இவ்வாராய்ச்சி நமக்கும் பயனுடையதே.

இப்பொருள் இன்றைய வடிவம் பெற்றது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இங்கிலாந்தில். 1760-களில் இராபர்ட் ஆடம் என்னும் கட்டடக் கலைஞர், செல்வர் மாளிகைகளுக்கென நீண்ட மேசை ஒன்றையும் அதன் இருபுறமும் இரு பீடங்களையும் அமைத்தார். பின்னர் வந்த தச்சுக் கலைஞர்கள் இம்மூன்றையும் ஒன்றாக இணைத்தனர். ஜார்ஜ் ஹெப்பிள்வைட் மறைந்தபின் 1788-இல் வெளிவந்த அவருடைய வடிவமைப்பு நூலும், 1791 முதல் வெளிவந்த தாமஸ் ஷெரட்டனின் நூலும் இவ்வடிவத்தைப் பரப்பின. கத்தி, கரண்டிகளுக்கு ஓர் இழுப்பறை. மதுக்குப்பிகளுக்கு ஈயத்தகடு பதித்த மற்றோர் இழுப்பறை. மேற்பரப்பில் வெள்ளிக் கலங்களின் அணிவகுப்பு. உணவு பரிமாறப் பயன்பட்டதோடு, வீட்டாரின் செல்வத்தை விருந்தினர் கண்முன் நிறுத்துவதற்கும் அது பயன்பட்டது.

அதன் மரம் பெரும்பாலும் மகோகனி. 1721-இல் பிரிட்டிஷ் அரசு அமெரிக்கக் குடியேற்றப் பகுதிகளிலிருந்து வரும் மரத்திற்குரிய இறக்குமதி வரியை நீக்கியது. அதன்பின் ஜமைக்காவின் மகோகனி இங்கிலாந்தில் வந்து குவிந்தது. அங்கு நல்ல மரங்கள் குறைந்தபோது கியூபாவும் ஹோண்டுராஸ் விரிகுடாப் பகுதியும் கைகொடுத்தன. அம்மரங்களை வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளும் அவர்தம் வழித்தோன்றல்களும் ஆவர். இன்று பெலீஸ் எனப்படும் நாட்டின் காடுகளில், பரண் கட்டி நின்று அவர்கள் மரத்தை வீழ்த்தினர். பகல் வெப்பத்தைத் தாங்க இயலாத எருதுகளைப் பூட்டி, தீப்பந்த ஒளியில் இரவெல்லாம் ஆற்றங்கரைக்கு மரங்களை இழுத்துச் சென்றனர். பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல் இயற்றப்பட்டு, 1834 ஆகஸ்டில்தான் நடைமுறைக்கு வந்தது. ஹெப்பிள்வைட், ஷெரட்டன் காலத்து மகோகனி சைடுபோர்டுகள் யாவும் அதற்கு முற்பட்டவை.

மரத்தோடு இது முடியவில்லை. மரத்தகடுகளை ஒட்டிய பசை, விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்தது. நம் தச்சர்கள் வச்சிரம் என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவிய பளபளப்பான மெருகு, அரக்குப் பூச்சியினின்று பெறப்படும் அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசியது. அந்த அரக்கு நம் இந்திய நாட்டிலிருந்தும் சென்றது. சிலவற்றின் சாவித்துளையைச் சுற்றி யானைத் தந்தமும் பதிக்கப்பட்டது. ஓரறிவுயிராகிய மரம் முதல் மனிதர் வரை அத்தனை உயிர்களின் துன்பமும் ஓர் அலமாரியில் அடங்கியிருப்பதைக் காண்கிறோம்.

இனி, நம் வினாவுக்கு வருவோம். "யானை என்றோ மடிந்தது, அடிமையும் ஆண்டானும் மறைந்தனர். நான் இன்று கொடுக்கும் பணம் அவர்களுள் எவரையும் சென்று சேராது. எனக்கு ஏது பழி?" என்பார் ஒரு சாரார். "தீங்கில் பிறந்த பொருளைத் தீண்டவும் ஆகாது, எரித்துவிடுக" என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டில் எது சரி?

நம் முன்னோர் தீவினையை மூவகையாகப் பிரித்துக் காட்டினர்: தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல். பழைய பொருளை வாங்குவோர் அந்தத் தீங்கைச் செய்தவர் அல்லர். காலம் பின்னோக்கிச் செல்லாது ஆதலின் செய்வித்தவரும் அல்லர். ஆனால் மூன்றாவதாகிய உடன்பாட்டிற்குக் காலக் கணக்கு இல்லை. "எவர் துன்புற்றால் என்ன, எவ்வளவு அழகு!" என்று உள்ளம் மகிழுமாயின், அம்மகிழ்ச்சி இன்றையது, அதன் வினையும் இன்றையதே.

மேலும், பழைய பொருள் புதிய தீங்கிற்கு வழி திறப்பதும் உண்டு. தந்தமே இதற்குச் சான்று. ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்தைத் தடுக்க 1989-இல் முடிவு செய்யப்பட்டது. ஆயினும் பழைய தந்தம் என்ற பெயரில் புதிய தந்தத்தை விற்க இடமிருந்தது. பிரிட்டன் 2018-இல் தந்தச் சட்டம் இயற்றி, 2022 ஜூன் முதல் நடைமுறைப்படுத்தியமைக்கு இதுவும் ஒரு காரணம். 1947-க்கு முன் செய்யப்பட்டு, கன அளவில் பத்து விழுக்காட்டிற்கும் குறைவான தந்தம் உடைய பொருளைக்கூட அங்குப் பதிவு செய்த பின்னரே விற்க இயலும். பழமை மட்டுமே போதிய நற்சான்று ஆகாது என்பதை அரசும் உணர்ந்துள்ளது.

பழுது பார்ப்பதிலும் இதே நுட்பம் உண்டு. பழம்பொருளைச் சீர்செய்யும் தச்சர்களுள் பலர் இன்றும் வச்சிரத்தையும் அரக்கு மெருகையுமே நாடுவர். பழைய அலமாரி புதுப்பொலிவு பெறும்போது புதிய உயிர்க்கொலைக்கு நாம் கூலி கொடுத்தவர் ஆகிறோம். இதனைத் தவிர்ப்பது நம் கையில் உள்ளது. மெருகு மங்கினால் மங்கட்டும். உலர்ந்த துணியால் துடைத்து வைத்தால் அது தன் பணியைச் செய்யும்.

அவ்வாறாயின் எரித்துவிடலாமா? எரிப்பதனால் இறந்த உயிர் எதுவும் மீளாது. அதன் இடத்தை நிரப்பப் புதிதாக ஒரு மரம் வீழும். மகோகனி இனங்கள் இன்று அருகிவிட்டமையால் அவற்றின் பன்னாட்டு வணிகம் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. கியூபா மகோகனிக்கு அக்கட்டுப்பாடு 1992-இலும், பெரிய இலை மகோகனிக்கு 2003-இலும் வந்தது. ஆகவே இருக்கும் பொருளைப் பேணி ஆள்வது, புதியது ஒன்றை வெட்டுவிப்பதினும் மேல். மரபுரிமையாக வந்ததை ஏற்பதும், தேவைக்கு ஒரு பழைய அலமாரியை வாங்குவதும் குற்றமாகா. அதன் வரலாற்றை மறையாது பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது வாய்மையின்பாற்படும்.

எஞ்சி நிற்பது மிகுபொருள் விரும்பாமை. சைடுபோர்டு வெறுமையாய் நிற்க விரும்பாத பொருள். அது வந்ததும் அதன்மேல் அடுக்கக் கலங்கள் வேண்டும். கலங்களைக் காண விருந்தினர் வேண்டும். விருந்தினர் வியக்க அடுத்த ஆண்டு இன்னும் சில கலங்கள் வேண்டும். முதலில் அதைச் செய்வித்த செல்வரின் உள்ளமும் இவ்வழியே சென்றது. மரம் பழையதாயினும் இந்த ஆசை ஒவ்வொரு வீட்டிலும் புதிதாகவே பிறக்கிறது.

எனவே பழம்பொருள் வாங்கும் முன் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ளலாம். இதனால் இனி ஓர் உயிருக்கேனும் துன்பம் நேருமா? இதன் பிறப்பை அறிந்த பின்னும் கூச்சமின்றிப் பெருமை பேச எண்ணுகிறேனா? இது என் தேவைக்கா, பிறர் பார்வைக்கா? பழமை இவற்றிற்கு விடை கூறாது. வாங்குவோர் நெஞ்சமே கூற வேண்டும். அவ்விடையைக் கேட்டு நடப்பது இல்லறத்தார் கடன்.