உடைமையாளனும் வழிப்போக்கனும்

அமெரிக்காவில் மத்திய அரசின் வசம் உள்ள நிலம் ஏறக்குறைய 64 கோடி ஏக்கர். அந்நாட்டின் பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். இதை அவர்கள் 'பப்ளிக் லேண்ட்' என்கிறார்கள். பொதுநிலம் என்று மொழிபெயர்த்துவிடலாம்தான். ஆனால் நம்முடைய தாலுகா அலுவலகங்களில் இதற்குப் பக்கத்தில் வரும் சொல் புறம்போக்கு. அது வசையாகி எவ்வளவோ காலமாயிற்று. ஒருவனுக்கும் சொந்தமில்லாதது மதிப்பற்றது என்ற தீர்ப்பு அந்த வசைக்குள் இருக்கிறது. அமெரிக்கன் தன் பொதுநிலத்தைப் பற்றிப் பேசும்போது தொனி வேறு. எல்லோருக்கும் சொந்தமானது, ஆகவே எனக்குச் சொந்தமானது. இந்த 'ஆகவே'தான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

இதை யோசிக்க வைத்தவர்கள் அங்குள்ள பனிச்சறுக்கர்களில் ஒரு சிறு பிரிவினர். லிஃப்டில் மேலே போய், வழித்துச் சீராக்கிய சரிவில் இறங்கும் உல்லாசக் கூட்டத்தைச் சொல்லவில்லை. 'பேக்கன்ட்ரி' என்று அவர்கள் சொல்லும் உள்மலைக்குள் தம் காலாலேயே ஏறிப் போகிறவர்கள். சறுக்குக் கட்டைக்கு அடியில் ஒரு ரோமப்பட்டையை ஒட்டிக்கொள்கிறார்கள். ஒரு காலத்தில் சீல் என்ற கடல்விலங்கின் தோல். இப்போது நைலானோ ஆட்டுரோமமோ. ரோமம் ஒரே திசையில் படிந்திருப்பதால் கட்டை முன்னால் வழுக்கும், பின்னால் நழுவாது. மூன்று மணி நேரம் ஏறி, பட்டையை உரித்துச் சுருட்டி வைத்துவிட்டு, சில நிமிஷங்களில் இறங்கிவிடுகிறார்கள். பனியை ஃப்ரிட்ஜுக்குள் மட்டுமே பார்த்திருக்கும் எனக்கு இந்த விகிதாசாரம் பிடித்திருக்கிறது. கவிதை எழுதுகிறவர்களுக்கும் பிடிக்கும்.

இவர்கள் கேட்பது, பொதுநிலத்தில் தங்களுக்கும் இடம். இவர்களுடைய நெடுநாள் எதிரி ஸ்நோமொபைல் என்ற பனிவண்டி. 1972-இல் ஜனாதிபதி நிக்சன் பிறப்பித்த 11644-ஆம் எண் ஆணை, மோட்டார் வாகனங்கள் பொதுநிலத்தில் எங்கே ஓடலாம், எங்கே கூடாது என்று வரையறுக்கச் சொன்னது. மண்ணுக்கும் விலங்குக்கும் மற்ற மனிதர்களுக்கும் அவற்றால் வரும் இடைஞ்சலைக் குறைக்கச் சொன்னது. ஆனால் 2005-இல் வனத்துறை விதி வகுத்தபோது பனிவண்டிகள் விஷயத்தில் மட்டும் வரையறை கட்டாயமில்லை என்று விட்டுவிட்டது. இயந்திரமில்லாத பனிப் பயணிகளுக்காக வாதாடும் விண்டர் வைல்ட்லேண்ட்ஸ் அலையன்ஸ் என்ற அமைப்பு வழக்குத் தொடுத்தது. அந்த விலக்கு சட்டத்துக்குப் புறம்பானது என்று 2013-இல் ஐடஹோவிலுள்ள மத்திய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015-இல் புதிய விதி வந்தது.

வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்த வழக்கு சட்டென்று புரிந்துவிடும். 'எய்தர் ஆர் சர்வைவர்' என்று திறந்த கணக்கில் இருவரில் யார் வந்து கேட்டாலும் முழுப்பணத்தையும் எண்ணிக் கொடுத்துவிட வேண்டும். இன்னொருவர் மறுநாள் வந்து கத்துவார். பாஸ்புத்தகத்தில் அவர் பெயரும்தான் இருக்கும். புதுப்பனி மூடிய சரிவில் விடியற்காலையில் பத்து வண்டிகள் ஓடிவிட்டால், மூச்சு வாங்க ஏறி வருபவனுக்கு மிஞ்சுவது உழுது போட்ட வயல். அவனை யாரும் தடுக்கவில்லை. உரிமை அப்படியே இருக்கிறது, இருப்பு மட்டும் இல்லை. எனவே வரையறை வேண்டும் என்ற அவர்களது கோரிக்கை முழுக்க நியாயமானது என்றே நினைக்கிறேன்.

கோரிக்கைக்கு அவர்கள் முட்டுக்கொடுக்கும் வாதம்தான் வேறு தினுசு. நாங்கள் சத்தம் போடுவதில்லை, புகை விடுவதில்லை, தடம்கூட அடுத்த பனிப்பொழிவில் மறைந்துவிடும். ஆகவே நாங்கள் உத்தமமான உடைமையாளர்கள் என்கிற தோரணை. நிசப்தம் ஒரு பண்பு என்பதிலிருந்து நிசப்தம் ஒரு யோக்யதை என்பதற்கு வழுக்கிவிடுகிறார்கள். ஒரு பொது இடத்தில் நுழைய அனுபவத்தின் தரத்தைச் சான்றிதழாகக் காட்டுவது எனக்கு ஒப்பவில்லை. வண்டிக்காரன் அடைவது தாழ்ந்த அனுபவம் என்று யார் அளந்தது? இலக்கியத்தில் இந்த வேலையை நாம் செய்கிறோம், செய்யவும் வேண்டும். நிலத்துக்கு அதே அளவுகோலைக் கொண்டுபோனால் அது வேறெதுவாகவோ ஆகிவிடுகிறது.

இந்த வாதத்தைக் கடைசியில் கவிழ்த்தது ஒரு ஆடு. வையோமிங் மாநிலத்தின் டீட்டான் மலைத்தொடரில் பிக்ஹார்ன் என்ற பெருங்கொம்புக் காட்டாடுகள் இருக்கின்றன. இன்று நூற்றுச் சொச்சம். முன்பெல்லாம் குளிர்காலத்தில் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுமாம். பள்ளத்தாக்கில் மனிதக் குடியிருப்புகள் பெருகி அந்த வழிகள் அற்றுப்போயின. இப்போது மாரிக்காலம் முழுவதையும் உச்சி முகடுகளில், காற்று பனியை வாரிக்கொண்டு போன திட்டுகளில் கிடைக்கும் காய்ந்த புல்லைக் கரம்பியபடி கழிக்கின்றன. அந்தப் புல் போதாது. கோடையில் சேர்த்த கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து வசந்தம் வரை தாக்குப் பிடிப்பதுதான் கணக்கு. சினை ஆட்டுக்கு அந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. பயந்து ஓடும் ஒவ்வொரு ஓட்டமும் முதலிலிருந்து எடுப்பது.

வையோமிங் பல்கலைக்கழக ஆய்வில் ஆடுகளின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை கட்டினார்கள். சறுக்கர்கள் தாமாக முன்வந்து அதே மாதிரிக் கருவியைச் சுமந்து போனார்கள். இரண்டு தடங்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தபோது, சறுக்கர்கள் போகும் இடங்களை ஆடுகள் கைவிட்டுவிட்டது தெரிந்தது. கொஞ்சம் பேர் போகும் இடங்களைக்கூட. சில ஆடுகள் நல்ல மேய்ச்சலில் 30 சதவீதம் வரை இழந்திருந்தன. காட்டாடு தன் ஆபத்தைப் பெரிதும் கண்ணால் அறியும் பிராணி. முகட்டில் திடீரென்று எழும் ஒரு மனித உருவம் எவ்வளவு நிசப்தமானது என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

அந்த மலைக்கு வேறொரு பழைய கணக்கும் உண்டு. ஷோஷோனி இனத்தில் மலைவாசிகளான டுகுடிகா என்பவர்கள் அங்கே வாழ்ந்தார்கள். பெயரின் பொருளே மலையாட்டைத் தின்பவர். அதன் கொம்பைச் சூடாக்கி நிமிர்த்தி வில் செய்தவர்கள். 1872-இல் பக்கத்திலேயே யெல்லோஸ்டோன் பூங்கா உண்டாயிற்று. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இவர்கள் விண்ட் ரிவர், ஃபோர்ட் ஹால் ரிசர்வேஷன்களுக்குள் அடைக்கப்பட்டுவிட்டார்கள். நிலம் பொதுவாவதற்கு முன்னால் சிலரை வெளியேற்ற வேண்டியிருந்தது. 'இது நம் எல்லோருடையது' என்ற வாக்கியம் அதற்குப் பிறகு சொல்லப்பட்டது.

நார்வேயின் 1957-ஆம் வருஷத்துச் சட்டம் வேறு மாதிரி. பயிரிடாத நிலம் யாருடையதாயினும், எந்தப் பருவத்திலும் நடந்தோ சறுக்கியோ கடந்து போகலாம். கவனத்தோடு போக வேண்டும், அவ்வளவுதான். உரிமை நிலத்திலிருந்து வரவில்லை, காலிலிருந்து வருகிறது. அங்கே ஒருவன் நுழைவது வழிப்போக்கனாக. அமெரிக்கன் நுழைவது உடைமையாளனாக. ஒரு முகட்டை அடைத்தால் உடைமையாளன் தன் சொத்து பறிபோனதாக உணர்கிறான். வழிப்போக்கன் சுற்றிக்கொண்டு போவான். முணுமுணுப்பான், ஆனாலும் போவான்.

இப்படிச் சொல்லிவிட்டு வழிப்போக்கன் பக்கம் உட்கார்ந்துகொள்வது எனக்குச் சுலபம். 2025 ஜூனில் மேற்கு மாநிலங்களின் பொதுநிலத்தில் பல லட்சம் ஏக்கரை விற்க வழிசெய்யும் பிரிவொன்றை பட்ஜெட் மசோதாவில் செருகப் பார்த்தார்கள். வேட்டைக்காரர், மீன்பிடிப்பவர், மலையேறுபவர் என்று ஒருவரையொருவர் சகிக்காதவர்கள் எல்லாம் சேர்ந்து எதிர்த்ததில் மாதக் கடைசிக்குள் அது கைவிடப்பட்டது. அப்போது உடைமையாளனின் பாஷையைத் தவிர வேறெதுவும் உதவியிருக்காது. விற்கப்போகிறவனிடம் போய் நான் வெறும் வழிப்போக்கன் என்றால் அவன் வேலியைப் போட்டுவிட்டுச் சிரிப்பான். ஆக, இரண்டு பாஷையும் வேண்டியிருக்கிறது. வாங்க வருபவனிடம் ஒன்று, ஆட்டிடம் மற்றது. சறுக்கர்களில் ஒரு சாரார் ஆட்டிடமும் பட்டாவைக் காட்டுகிறார்கள் என்பதுதான் என் புகார்.

டீட்டானில் ஸ்டாடிக் பீக், மௌன்ட் ஹன்ட் போன்ற சிகரப் பகுதிகள் குளிர்கால மாதங்களில் மனிதருக்கு அடைக்கப்படுகின்றன. வேறு சில இடங்களில் தடை இல்லை. தாமாக விலகியிருக்கும்படி வேண்டுகோள் மட்டும். அந்த வேண்டுகோளை நம்பிக்கைத் துரோகம் என்று கொதித்தவர்களும் உண்டு, வரைபடத்தில் கோடு போட்டுக்கொண்டு பேசாமல் வேறு சரிவுக்குத் திரும்பியவர்களும் உண்டு. இவர்களுக்காக வாதாடும் அமைப்புகளிடம் நான் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்று. நுழைவுரிமைக்கான அடுத்த மனுவில் நிசப்தத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். ஆடு நிற்கும் முகடுகளை, யாரும் கேட்பதற்கு முன்னால், தாங்களே கழித்துவிட்டு மீதி மலை முழுவதையும் கேட்கட்டும். அடித்துக் கேட்கட்டும்.