இரண்டாகத் தெரிகிறது என்றால் எழுந்து வந்து பாருங்கள்

பெரகல சந்தியிலிருந்து ஒரு பாதை ஹப்புத்தளை, பண்டாரவளை வழியாகப் பதுளைப் பக்கம் ஏறுகிறது. இன்னொன்று கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகிறது. இரண்டு பக்கத்து மலைகளிலும் தேயிலைத் தோட்டத்து லயங்கள். அங்கிருந்து ஒருவர் டிஸ்பென்சரிக்கு வந்து, "ரெண்டு ரெண்டாத் தெரியுதுங்க" என்றால் கையில் என்ன கொடுக்கிறோம்? ஒரு சொட்டு மருந்துப் புட்டி. வந்தவர் ஆணாக இருந்து நடையும் தள்ளாடினால், குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்ற ஏச்சு. இரண்டையும் இன்றோடு நிறுத்துங்கள்.

தோட்டத்து மருத்துவ உதவியாளர்களே, பிரதேச வைத்தியசாலைகளின் இளம் வைத்தியர்களே, ஸ்கேன் இல்லையே என்று சொல்லாதீர்கள். முதல் சோதனைக்கு உங்கள் உள்ளங்கை போதும். ஒரு கண்ணை மூடச் சொல்லுங்கள், பிறகு மற்றதை. எந்தக் கண்ணை மூடினாலும் இரட்டை மறைந்து ஒன்றாகத் தெரிந்தால், இரு கண்களும் சேர்ந்து அசையவில்லை என்று பொருள். கோளாறு நரம்பிலோ தசையிலோ மூளையிலோ இருக்கலாம். அதற்குச் சொட்டு மருந்து ஒன்றும் செய்யாது.

அடுத்து இமையையும் கண்மணியையும் பாருங்கள். இமை தொங்கி, கண் வெளிப்பக்கமாகவும் கீழாகவும் விலகி நின்றால் மூன்றாம் மூளை நரம்பு செயலிழந்திருக்கிறது. சீனி வருத்தம், பிரஷர் உள்ளவர்களுக்கு இந்த நரம்பின் நடுப்பகுதிக்குப் போகும் நுண்ணிய இரத்தக்குழாய் அடைபடுவதுண்டு. அப்போது கண்மணி பெரும்பாலும் கெடாது, சில மாதங்களில் பார்வையும் சீராகும். ஆனால் கண்மணியைச் சுருக்கும் இழைகள் நரம்பின் மேற்புறத்தில் ஓடுகின்றன. வெளியிலிருந்து எது அழுத்தினாலும் முதலில் அடிபடுவது அவைதான். ஆகவே விரிந்துபோன கண்மணியோடு கடும் தலைவலியும் சேர்ந்தால், மூளையின் நாடி ஒன்று வீங்கி வெடிக்கக் காத்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அது வெடித்தால் பலர் ஆஸ்பத்திரி வாசலைக் கூட எட்டுவதில்லை. கண்மணியை விரிக்கும் மருந்தை மட்டும் கண்ணில் ஊற்றாதீர்கள், அடையாளம் அழிந்துபோகும்.

கொழுந்துக் கூடையோடு சரிவில் இறங்கும்போது மட்டும் படி இரண்டாகத் தெரிகிறது, தலையை ஒரு பக்கம் சாய்த்தால் சரியாகிறது என்று ஓர் அம்மா சொன்னால், நான்காம் நரம்பை நினையுங்கள். விழுந்து தலையில் அடிபட்டதா என்று கேளுங்கள். தூரத்தில் வரும் பஸ் பக்கம் பக்கமாக இரண்டாகத் தெரிந்து, ஒரு கண் வெளிப்பக்கம் திரும்பாவிட்டால் ஆறாம் நரம்பு. கூடவே காலைத் தலைவலியும் வாந்தியும் இருந்தால் மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கலாம். காலையில் நன்றாக இருந்து மாலையில் இமை சரிகிறதென்றால், விழுங்குவதிலும் மூச்சிலும் சிரமம் உண்டா என்று கேட்காமல் அனுப்பாதீர்கள்.

வெல்லவாய, மொனராகலைப் பக்கம் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இரவு தரையில் படுத்தவர் விடியலில் வயிற்றுவலியோடு எழுந்து, இமை தொங்கி, இரண்டாகத் தெரிகிறது என்றால் அது கட்டுவிரியன் கடியாக இருக்கலாம். கடித்த தடம் தேடினாலும் கிடைக்காமல் போகலாம். பூச்சிமருந்து உடம்பில் ஏறியவர்களையும் நினையுங்கள்: தேறிவிட்டார் என்று நாம் நம்பும் முதல் நான்கு நாட்களுக்குள் கண்ணும் கழுத்தும் தளர்ந்து மூச்சு நின்றுபோகலாம். இதை 1987இல் உலகுக்கு எடுத்துச் சொன்னவர்கள் நம் நாட்டு வைத்தியர்களான நிமால் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும்.

குடிப்பவர்தான் என்றே வைத்துக்கொள்வோம். சோற்றை விட்டுக் கசிப்பிலேயே காலம் தள்ளியவருக்கு விட்டமின் பி1 வற்றும்போது கண் அசைவு கெடும், நடை தள்ளாடும், புத்தி குழம்பும். அவருக்குத் தேவை தயமின் ஊசி, அதுவும் உடனே. வெறும் குளுக்கோஸை முந்தி ஏற்றாதீர்கள். தாமதித்தால் நினைவு திரும்பாமலே போகலாம். குடிகாரன் என்று நாம் விரட்டும் அந்த மனிதருக்கு அந்த ஊசியைப் போட நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

கங்காணிமாரே, தோட்டத்துரைமாரே, இப்படிச் சொல்பவரை, பேர், அதாவது நாட்கூலிக் கணக்கு, முடியட்டும் என்று மலையில் நிறுத்தி வைக்காதீர்கள். அன்றைய பேரைப் போட்டு அனுப்புங்கள். அரைப்பேர் போய்விடும் என்ற பயத்தில் வாய் மூடிப் போனவர்கள் நம்மிடையே உண்டு.

வீட்டில் யாருக்காவது திடீரென்று இரண்டாகத் தெரிந்தால், தலைவலியோ இமைத் தொங்கலோ பேச்சுக் குழறலோ மூச்சுச் சிரமமோ கூட இருந்தால், விடியும்வரை காத்திராதீர்கள். 1990க்கு அழையுங்கள், அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. தியத்தலாவையோ பதுளைப் பெரியாஸ்பத்திரியோ, அன்றைக்கே போய்ச் சேருங்கள்.