தகர மனிதனின் கல்பு

மனிதனை மனிதனாக்குவது எது என்று கவிஞர்களைக் கேட்டால், பெரும்பாலோர் தயங்காமல் காதல் என்று கூறிவிடுவர். நாமும் நெடுங்காலம் அந்த விடையை ஐயுறாமல் ஏற்றிருந்தோம். திருமண வாழ்த்துமடல்கள் சிலவற்றில் எழுதியும் கொடுத்திருக்கிறோம். அவ்விடை ஓர் உள்ளத்தைப் புண்படுத்தவும் கூடும் என்பதை நம் வீட்டுக் கூடத்தில் ஒரு மாலைப் பொழுதில்தான் தெரிந்துகொண்டோம்.

நம் தங்கை மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. நல்ல குடும்பம், மாப்பிள்ளை படித்தவர், மார்க்கப் பற்றுள்ளவர். அவள் வேண்டாம் என்றாள். முந்தைய ஆண்டு வந்த சம்பந்தத்துக்கும் அதே பதில்தான். மனத்தில் வேறு யாரேனும் உண்டோ எனத் தாய் அஞ்சி அழுதாள். "யாரும் இல்லைம்மா. யார் மேலயும் அப்படி ஒண்ணு எனக்குத் தோணினதே இல்லை. தோணும்னு காத்திருந்தும் பார்த்தேன்" என்றாள் அவள். அப்போது நாம், பெரியவர் என்ற உரிமையில், வேடிக்கையாகப் பேசுவதாக எண்ணிக்கொண்டு ஒரு சொல்லைச் சொல்லிவிட்டோம்: "கல்பு இருக்க வேண்டிய இடத்தில் உனக்குத் தகரமா இருக்கிறது?"

அவள் கோபிக்கவில்லை. "நானும் சின்ன வயசிலேர்ந்து அப்படித்தான் மாமா நினைக்கிறேன். கதையில வர்ற இளவரசி ஒருத்தியும் என்னைப் போல இல்லை. அந்தத் தகர மனிதன்தான் எனக்குச் சொந்தக்காரன் மாதிரி இருந்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நம் தாயார் படுக்கையில் கிடந்த எட்டு மாதங்களும் இரவில் அவர்களைப் புரட்டிப் படுக்க வைத்தவள் இவள்தான் என்பது, அவள் எழுந்து சென்ற பிறகே நம் நினைவுக்கு வந்தது.

அவள் குறிப்பிட்ட தகர மனிதன் அமெரிக்க எழுத்தாளர் ஃபிராங்க் பௌம் 1900இல் வெளியிட்ட ஓஸ் நாட்டு மந்திரவாதியின் கதையில் வருபவன். அவளுக்குச் சிறுமிப் பருவத்தில் அந்நூலை வாங்கிக் கொடுத்ததே நாம்தான். இப்போது அதை மீண்டும் எடுத்துப் படித்தோம். அவன் முதலில் தசையும் குருதியும் உள்ள விறகுவெட்டி. ஒரு பெண்ணை விரும்பினான். சூனியக்காரி அவனது கோடரிக்கு மந்திரமிட்டாள். கோடரி நழுவி ஒவ்வொரு உறுப்பாக வெட்ட, தகரவேலை செய்பவன் ஒவ்வொன்றையும் தகரத்தில் செய்து பொருத்தினான். இறுதியில் உடலும் பிளந்தது, இருதயம் போயிற்று, அத்தோடு அந்தப் பெண்மீது கொண்ட காதலும் போயிற்று. இருதயம் கேட்டு மந்திரவாதியை நாடிச் செல்கிறான்.

சிறுவர் கதைதானே என்று தள்ளிவிட இயலாத ஓர் இடம் அதில் உண்டு. வழியில் ஒரு வண்டை அறியாமல் மிதித்துக் கொன்றுவிடுகிறான். வருந்தி அழுகிறான், கண்ணீர் வழிந்து தாடையின் கீல்கள் துருப்பிடித்து வாய் திறக்க முடியாமற் போகிறது. வைக்கோல் பொம்மை எண்ணெயிட்டு அதைத் திறந்துவிடுகிறான். அதன் பின்னர் ஓர் எறும்பைக் கண்டாலும் தாண்டி நடக்கிறான். இருதயம் உள்ளவர்களுக்கு வழிகாட்ட அது இருக்கிறது, தனக்கு இல்லாததால் தான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்பது அவனுடைய எண்ணம். கதையில் எல்லாரினும் இளகிய மனம் படைத்தவன், இருதயமே இல்லை என்று நம்பிக்கொண்டிருப்பவன்தான்! முடிவில் மந்திரவாதி அவன் மார்பில் வைத்தது பட்டுத் துணியில் மரத்தூள் அடைத்த ஒரு பொம்மை இருதயம். அவன் அதில் நிறைவடைந்தான். நம் வீட்டுப் பெண் தன் உறவை எங்கே கண்டாள் என்பது நமக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

அவளைப் போன்றோர்க்கு இக்காலத்தில் ஒரு பெயர் உண்டு. ஏரோமாண்டிக் என்கின்றனர், காதல் ஈர்ப்பு உண்டாகாதவர் என்று பொருள் கொள்ளலாம். உடல் வேட்கை வேறு, காதல் ஈர்ப்பு வேறு. ஒன்றிருந்து மற்றது இல்லாதாரும் உளர், இரண்டும் இல்லாதாரும் உளர். பெயர்தான் புதிது. அமெரிக்க உளவியலறிஞர் டோரதி டென்னோவ் என்ற பெண்மணி, காதல் மயக்கத்தைப் பற்றி நூற்றுக்கணக்கானோரிடம் கேட்டறிந்து 1979இல் ஒரு நூல் எழுதினார். அவ்வாராய்ச்சியின் போக்கில், அம்மயக்கத்தை வாழ்நாளில் ஒருமுறையும் அறியாதவர்கள் உண்டு என்பதையும் கண்டார். அவர்கள் நோயாளிகளாகவோ அன்பற்றவர்களாகவோ இருக்கவில்லை. மற்றவர்கள் காதலைப் பற்றிக் கூறுவதெல்லாம் மிகை என்றே எண்ணியிருந்தனர்.

நம் முன்னோர் இதில் வேறொரு பக்கம் நின்றனர் என்பது சுவையான செய்தி. 1037இல் மறைந்த மருத்துவ மேதை இப்னு சீனா தம் கானூன் நூலில் 'இஷ்க்' எனப்படும் காதல் பித்தைத் தலையைப் பற்றும் நோய்களின் வரிசையில் சேர்த்தார். நோயாளி தன் காதலியின் பெயரை மறைத்தால், நாடியைப் பிடித்துக்கொண்டே பல பெயர்களைச் சொல்லிப் பார்க்கவேண்டும். எந்தப் பெயருக்கு நாடி துள்ளுகிறதோ அப்பெயருக்குரியவளே அவள் என்று வழியும் சொன்னார். காதலைப் போற்றி அவரே தனியொரு சிறுநூலும் எழுதியிருக்கிறார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எனினும் அவருடைய மருத்துவ மனைக்கு நம் தங்கை மகள் சென்றிருந்தால், நாடியைப் பார்த்துவிட்டு நலமாக இருக்கிறாய் என்று அனுப்பியிருப்பார். நோயில்லாமையை நோயாகக் கருதும் வழக்கம் பின்னால் வந்தது. திரைப்படப் பாடல்களுக்கு அதில் பெரும்பங்கு உண்டு.

ஆனால் மனிதரல்லாத ஒன்றை ஏன் உறவாகக் கொள்ள வேண்டும்? இங்கேதான் நம் மனம் நெடுநாள் முரண்டியது. அல்லாஹ் ஆதமின் மக்களைச் சிறப்பித்திருக்க, ஒரு பெண் தகரத்தோடும் இயந்திரத்தோடும் உறவு பேசுவதா?

எண்ணிப் பார்க்கையில், முரண்டு நம்மிடமே இருந்தது. தமிழ்ப் புலவர்கள் கிளியையும் அன்னத்தையும் மேகத்தையும் தோழமை கொண்டாடித் தூது விட்டனர். காதலைச் சொல்ல மேகத்தை உறவாக்கியபோது யாரும் வியக்கவில்லை. காதல் இல்லை என்று சொல்ல ஒருத்தி தகர மனிதனை உறவாக்கினால் மட்டும் நமக்கு ஏன் துணுக்குறுகிறது?

கதை படிக்கும் குழந்தை தன் சாயலை அதில் தேடும். நம் வீட்டுப் பெண்ணும் தேடினாள். இளவரசனும் இளவரசியும் காதலித்தனர், ஏழையும் காதலித்தான், கள்வனும் காதலித்தான். காதலுக்கு வெளியே நின்றவை கல், இயந்திரம், வேற்றுக் கோளத்து உயிர். அவற்றின் அருகே அவள் போய் நின்றாள். தான் மனிதப் பிறவியன்று என்று அவள் ஒருநாளும் கருதவில்லை. மனிதர்க்கென்று கதாசிரியர்கள் போட்ட பந்தியில் தனக்கு இலை போடப்படவில்லை என்பதைக் கண்டாள், அவ்வளவே.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966இல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக் தொடரில், வேற்றுக் கோளத் தந்தைக்கும் மானிடத் தாய்க்கும் பிறந்த ஸ்பாக் என்ற பாத்திரம் உண்டு. உணர்ச்சியை அறிவால் அடக்கி வாழ்பவன். 1987இல் தொடங்கிய அதன் வழித்தொடரில் டேட்டா என்னும் இயந்திர மனிதன் வருகிறான்; உணர்ச்சி இல்லாதவன், மனிதனாக ஏங்குபவன், ஒரு பூனையைப் பரிவோடு வளர்ப்பவன். 1991இல் வந்த ஒரு பகுதியில், உடன் பணியாற்றும் பெண் தன்னை விரும்புவதறிந்து, காதலனாக நடப்பதற்கென்றே தன்னுள் ஒரு செயல்திட்டம் எழுதிக்கொண்டு முயல்கிறான். பேச்சும் பரிசும் எல்லாம் முறைப்படி நடக்கின்றன. உள்ளே ஒன்றும் இல்லை என்பதை உணர்ந்து அவள் விலகிக்கொள்கிறாள். அவனும் அத்திட்டத்தை அழித்துவிட்டுப் பூனையைத் தூக்கிக்கொள்கிறான். தோன்றாத ஒன்றைத் தோன்றியதாக நடித்துக் களைத்த பெண்கள் நம் வீடுகளில் எத்தனை பேரோ, நாம் கேட்டதில்லை.

தகர மனிதனும் டேட்டாவும் மனிதராக ஏங்கியவர்கள். 2017இல் மார்த்தா வெல்ஸ் எழுதிய 'ஆல் சிஸ்டம்ஸ் ரெட்' என்ற குறுநாவலின் நாயகப் பாத்திரத்துக்கு அந்த ஏக்கம் இல்லை. பாதி இயந்திரம், பாதித் தசை, காவற்பணிக்காகச் செய்யப்பட்டது. தன்னை ஆட்டுவிக்கும் கட்டுப்பாட்டுக் கருவியைத் தானே முறித்துக்கொண்டு, கிடைத்த விடுதலையில் தொடர்கதைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆண் பெண் நெருக்கக் காட்சிகள் வந்தால் அலுப்புடன் தாண்டிவிடுகிறது. ஆயினும் தன் பொறுப்பில் உள்ள மனிதர்களுக்கு ஆபத்து வரும்போது தன் உடலைக் கொண்டு தடுக்கிறது. அவர்கள் நன்றியோடு அதற்கு ஓர் இல்லம் தர முன்வருகின்றனர். தனக்கு வேண்டியது இன்னதென்று பிறர் முடிவு செய்வதை அது விரும்பாமல், சொல்லாமற் கொள்ளாமல் புறப்பட்டுவிடுகிறது. இதைப் படித்துத் தம்மையே கண்டதாகக் கூறும் ஏரோமாண்டிக் வாசகர் பலர்.

அவர்களுள் வேறு சிலர் கசப்போடு ஒன்று கேட்கின்றனர்: காதலறியாதவர் என்றால் எப்போதும் இயந்திரம்தானா? எங்களுக்கு ஒரு மனித முகம் தர எழுத்தாளர்களுக்கு மனமில்லையா? இந்தக் கேள்வி முற்றிலும் நேரானது. உறவு பாராட்டியவள்மீது குற்றமில்லை. வேறு உறவே இல்லாதபடி செய்த கதைகளின்மீதுதான் குற்றம்.

கதைகள் எல்லாமே அப்படியா என்றால், இல்லை. 1185இல் மறைந்த அந்தலூசிய அறிஞர் இப்னு துஃபைல் எழுதிய ஹய்யு இப்னு யக்ளான் கதையை நம் வாசகர் சிலர் அறிந்திருப்பர். ஆளில்லாத் தீவில் ஒரு பெண்மான் பாலூட்டி வளர்த்த குழந்தையின் கதை அது. மான் இறந்தபோது, எது நின்றதால் தாய் அசையவில்லை என்றறிய அவன் அதன் மார்பைத் திறக்கிறான். இருதயத்தின் ஓர் அறை வெறுமையாக இருக்கக் கண்டு, தான் நேசித்தது இந்த உடலையன்று, இதனுள் குடியிருந்து போய்விட்ட ஒன்றையே என்று தெளிகிறான். அங்கிருந்து படிப்படியாகச் சிந்தித்துப் படைத்தவனை அறியும் வரை உயர்கிறான். பின்னர் அப்ஸால் என்ற நண்பன் கிடைக்கிறான். இருவரும் அத்தீவிலேயே வணக்கத்தில் வாழ்ந்து மறைகின்றனர். முழுமையான மனிதன் எப்படியிருப்பான் என்று காட்ட எழுதப்பட்ட கதையில் காதலி இல்லை. தாயாக ஒரு மான், துணையாக ஒரு நண்பன். எழுதியவருக்கு அதில் ஏதும் குறைந்ததாகத் தோன்றவில்லை.

நிக்காஹ் சுன்னத்தாயிற்றே என்று பெரியவர்கள் கேட்பார்கள். நம் தங்கையும் கேட்டாள். மறுப்பதற்கில்லை. ஆனால் சுன்னத் என்பது நிக்காஹ், காதலன்று. இணையரைப் பற்றிக் குர்ஆன் பேசும் இடத்தில் அமைதியும், பிரியமும், ரஹ்மத் எனும் கருணையும் சொல்லப்படுகின்றன. இஷ்க் என்ற சொல் குர்ஆனில் எங்குமே இல்லை. ஆகையால் காதல் ஈர்ப்பு இல்லாத ஒருவர், மற்றவருக்கு உண்மையை முன்கூட்டியே உரைத்து, கருணையின் மேல் ஓர் இல்லறத்தை எழுப்புவது இயலாததன்று. அது வேண்டாம் என்பாரையும் நம் சட்ட நூலோர் அறிந்திருந்தனர். இமாம் நவவீ தம் மின்ஹாஜில், மணத்தின் நாட்டம் இல்லாதவர் வசதியிருந்தும் மணக்காமல் வணக்கத்தில் ஈடுபடுவது மேல் என்ற கருத்தையே எழுதினார். ஹிஜ்ரி 676இல் மறையும் வரை அவரும் மணமின்றியே வாழ்ந்தார். மணமாகாத ஆலிம்களெல்லாம் ஏரோமாண்டிக் என்று கூறுவது பேதைமை. கல்வியின்மீது கொண்ட தாகமே அவர்களை அவ்வழியில் செலுத்தியிருக்கலாம். அவர்களைக் கல்பு இல்லாதவர்கள் என்று ஒருவரும் ஏசவில்லை என்பது மட்டுமே நாம் சொல்ல வந்தது. ஆணுக்குக் கிடைத்த அந்த மதிப்பு பெண்ணுக்கு எளிதில் கிடைப்பதில்லை என்பதையும் அறிவோம்.

தகர மனிதனுக்கு ஒரு பின்கதை உண்டு என்பதை இம்முறை தேடியபோதுதான் அறிந்தோம். பௌம் 1918இல் அவனைத் தலைப்பாக்கி இன்னொரு நூல் எழுதினார். அதில் ஒரு பயணி, அந்தப் பழைய பெண் என்ன ஆனாள் என்று கேட்க, தகர மனிதன் திகைக்கிறான். மந்திரவாதி தனக்குத் தந்தது பரிவு காட்டும் இருதயமே தவிரக் காதலிக்கும் இருதயம் அல்ல என்கிறான். ஆயினும் அவள் தனக்காகக் கலங்கிக் காத்திருப்பாளே, மணந்துகொள்வது கடமை என்றெண்ணி நெடுவழி நடந்து போகிறான். அவளோ வேறொருவனை மணந்து தன் வீட்டுவேலையில் இருக்கிறாள். இப்படியே நலமாக இருக்கிறேன், என்னைத் தொந்தரவு செய்யாதே என்று அனுப்பிவிடுகிறாள்.

இதை நம் தங்கை மகளிடம் சொன்னோம். அதற்கு முன், அன்று சொன்ன சொல்லுக்காக வருந்துகிறோம் என்றும் சொன்னோம். அவள் கதையைக் கேட்டுச் சிரித்தாள். "திரும்பிப் போகும்போது அவன் தனியாவா போனான் மாமா?" என்றாள். இல்லை, வைக்கோல் பொம்மை கூடப் போனான் என்றோம். "அப்ப சரி" என்றாள்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு மறுமொழியை நாமே எழுதினோம். காரணம் என்னவென்று எழுதுவதற்கு மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டோம். முடிவில், பெண்ணுக்கு மணத்தில் நாட்டமில்லை, உங்கள் பிள்ளைக்கு நல்ல இடம் அமைய துஆச் செய்கிறோம் என்று மட்டும் எழுதி ஸலாமுடன் முடித்தோம். அவர்களும் அதற்குமேல் கேட்கவில்லை. தங்கைதான் நம்மோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை.