இயலாமையும் மனமின்மையும்

கொள்ளைநோய் ஒன்று தணிந்தபின் பொது வைத்தியசாலையிடம் நோயாளி எதனை எதிர்பார்க்கலாம்? எதிர்பார்க்க அவனுக்கு உரிமைதான் உண்டா? ‘இலவசம்’ என்னும் சொல்லே இவ்வினாவை மழுங்கச் செய்துவிடுகின்றது. இலவசமாகப் பெறுபவன் தருவதைப் பெற்றுச் செல்லவேண்டுமேயன்றி முறையிடலாகாது என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். ஆனால், அரசாங்க வைத்தியசாலையின் மருந்து தருமம் அன்று. கடையிற் பொருள் வாங்கும் ஏழை செலுத்தும் மறைமுக வரியும் அதனுள் அடங்கியுள்ளது.

இயலாததைச் செய்யவில்லையென ஒருவரைக் குறைகூறுதல் முறையன்று. இயல்வதைச் செய்யாதவிடத்தே பழி தோன்றுகின்றது. ஆகவே, நோயாளியின் எதிர்பார்ப்பு நியாயமானதா என்பது அது இயலக்கூடியதா என்பதைப் பொறுத்தது. கொள்ளைநோய்க் காலங்களோ இயல்வது எது என்பதை வெளிப்படுத்திவிடுகின்றன.

1934இல் பருவமழை பொய்த்து, மகா ஓயா, தெதுரு ஓயா முதலிய ஆறுகள் குட்டைகளாய்த் தேங்கின. அவற்றிற் பெருகிய நுளம்புகள் பரப்பிய மலேரியா, 1935 நடுப்பகுதிக்குள் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கவர்ந்தது. அதன் பின்னரே மருந்தகங்களும் சிறு வைத்தியசாலைகளும் கிராமங்களை நோக்கி விரைந்து பரவின. இரக்கம் ஒன்றே இம்மாற்றத்தை ஆக்கியதெனக் கொள்வதற்கில்லை. 1931இல் சர்வசன வாக்குரிமை பெற்றிருந்த கிராமத்து நோயாளி ஒரு வாக்காளனுமாவான். அவன் குரல் பெற்றபோது, இயலாதெனப்பட்டது இயல்வதாயிற்று.

2020இல் கொவிட்-19 ஊரடங்கின்போது, நீரிழிவு முதலிய நீண்டகால நோய்களுக்குரிய மருந்துகள் தபால் ஊழியர் மூலம் வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. அதற்குமுன், அதே மருந்துக்காக முதியவர்கள் விடியுமுன் எழுந்து, பஸ் ஏறி, இலக்கத்துண்டு பெற்று, நண்பகல்வரை வாங்கிற் காத்திருந்தனர். கூலியாளுக்கோ அக்காத்திருப்பு ஒருநாட் சம்பளத்தின் இழப்பு. அதனை மாற்றவொண்ணாத நியதியென்றே அவர்களும் நாமும் எண்ணியிருந்தோம். அது மனிதர் செய்த ஏற்பாடே என்பதைத் தபாலில் வந்த மருந்துப்பொதி உணர்த்தியது.

வறிய நாட்டில் இவை ஆசைகளேயன்றி உரிமைகளல்ல என்பர் சிலர். இக்கூற்றைப் புறந்தள்ளுதல் எளிதன்று. 2022இன் பொருளாதார நெருக்கடியில் அந்நியச் செலாவணியின்றி மருந்துகள் அருகின, சத்திரசிகிச்சைகள் பிற்போடப்பட்டன, வைத்தியர் பலர் நாட்டைவிட்டு அகன்றனர். எஞ்சியோரின் களைப்பையும் நாம் மறத்தலாகாது. நோயாளியின் கோரிக்கை அவர்களுக்கு எதிரானதன்று. ஆயினும், மருந்து இல்லையென்பதை மதிப்புடன் கூறுவதற்கு அந்நியச் செலாவணி தேவையில்லை. தோட்டத்து லயத்திலிருந்து வரும் பெண்ணுக்கு அவளது நோயை அவளது மொழியில் விளக்குவதற்குத் தேவைப்படுவது, மொழியறிந்த ஒருவரை அங்கு நியமிக்கும் அக்கறையே. வறுமையின் பெயரால் இவற்றையும் மறுக்கும்போது, இயலாமை மனமின்மைக்குப் போர்வையாகிவிடுகின்றது.

கொள்ளைநோயின்போது பிறர் நலத்தை நாம் பேணியது பெரும்பாலும் அச்சத்தினாலேயாகும். அயலவனின் காய்ச்சல் நம் வீட்டையும் எட்டிவிடும் என்று அஞ்சினோம். நீரிழிவு தொற்றுவதில்லை, முதியவரின் மூட்டுவலியும் தொற்றுவதில்லை. தொற்றாத நோயுடையவனுக்கும் அதே கடனை ஆற்றுவோமாயின் அது அறம். ஆற்றோமாயின், அன்று நாம் காட்டியது தற்காப்பு மட்டுமே. இயலாமைக்கு மன்னிப்பு உண்டு. இயலுமெனக் கண்டபின்னரும் நோயாளியைப் பழைய வாங்கிற்கே திருப்பியனுப்புதலுக்கு மன்னிப்பு இல்லை.