சுளையும் கத்தியும்

தைப்பூசம் ஜொகூரில் பொதுவிடுமுறை. கோயிலிலிருந்து திரும்பும்போது தம்பி கேட்டான்: "அண்ணே, முருகன் கோச்சிக்கிட்டுப் பழனிக்குப் போனாரே, பிள்ளையார் ஏன் பாதிப் பழம் கொடுக்கல?"

"ஞானப்பழத்தை வெட்டக்கூடாதாம்டா."

"நம்ம டுரியானைப் பங்கு போடலாம்ல?"

சுருக்கென்றது. அப்பா டுரியான் வாங்கி வந்தால் பிளப்பது நான்தான். முள் குத்தும், கத்தி ஆபத்து என்று அவனைத் தள்ளி உட்காரவைப்பேன். சதைப்பற்றுள்ள சுளைகள் என் பக்கம். கொட்டை பெருத்தவை அவன் பக்கம். அவனுக்கும் கொடுத்தேனே என்று பெருமை வேறு!

மீந்ததைத் தருவது பகிர்வா? நண்பர்களே, மூத்த பிள்ளைகளான நம்மிடம் கத்தியும் இருக்கிறது, தேர்ந்தெடுக்கும் உரிமையும் இருக்கிறது. இரண்டில் ஒன்றையாவது விட்டால்தானே அது பங்கு? பிள்ளையாராவது அம்மையப்பனைச் சுற்றிவந்து போட்டியில் ஜெயித்தார். நான் போட்டியே வைக்கவில்லை.

ஜூன் மாதம் மறுபடி டுரியான் வந்தது. பிளந்து வைத்து, "நீ முதல்ல எடுடா" என்றேன். இருப்பதிலேயே பெரிய சுளையை எடுத்தான், படவா. வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன்.