பொது என்று ஒன்று உண்டா?

டெர்மினலில் ஒரு மாறிக்குள் 'அரிசி பருப்பு' என்று நடுவில் இடைவெளி விட்டுப் போட்டு வைக்கிறேன். மேற்கோள்குறி இல்லாமல் அதைக் கூப்பிட்டு, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக அச்சிடு என்கிறேன். கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்களில் ஒன்றான பாஷில் அரிசிக்கு ஒரு வரி, பருப்புக்கு ஒரு வரி வருகிறது. இசட் ஷெல்லில் இரண்டும் சேர்ந்து ஒரே வரி. அங்கேயே 'எமுலேட் எஸ்ஹெச்' என்று தட்டிவிட்டு மறுபடி கேட்டால், அதே இசட் ஷெல் பழைய பார்ன் ஷெல்லின் வழக்கத்துக்கு மாறி இரண்டு வரி தருகிறது. புரோகிராம் அதேதான், கேள்வியும் அதேதான். சொற்களைப் பிரிக்கச் சொல்லும் ஆப்ஷன் இப்போது ஆனாகியிருக்கிறது. எந்தப் பதில் சரி?

திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் சர்வர் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. பிறந்தது திருநெல்வேலி, வாழ்க்கைப்பட்டது கரமனை அக்ரகாரத்தில். 'எது சரி' என்ற கேள்வி எனக்கு ஆபீஸைவிட வீட்டில்தான் அதிகம் வந்திருக்கிறது.

2023 சித்திரையைச் சொல்கிறேன். ஏப்ரல் 14 காலையில் ஊரிலிருந்து அம்மா போன் செய்து வருஷப் பிறப்புக்கு ஆசீர்வாதம் பண்ணினாள். இங்கே மாமியார் அன்று ராத்திரிதான் கணிக்கு வெள்ளரிக்காயும் கொன்றைப் பூவும் உருளியில் அடுக்கினார்; விஷு ஏப்ரல் 15. வானத்தில் சூரியன் ஒன்றுதான். மேஷத்துக்குள் அது நுழைந்தது 14ஆம் தேதி பிற்பகலில். சூரிய அஸ்தமனத்துக்குள் சங்கிரமணம் நடந்தால் அன்றே மாதம் பிறந்துவிடும் என்பது தமிழ்நாட்டு வழக்கம். பகல் பொழுதில் ஐந்தில் மூன்று பங்குக்குள், அதாவது ஏறக்குறைய ஒன்றேகால் மணிக்குள், நடந்திருக்க வேண்டும்; தாண்டினால் மறுநாள்தான் என்பது கேரள வழக்கம். இரண்டு பேரும் கணக்கில் பிசகவில்லை. எல்லைக்கோட்டை வேறு வேறு இடத்தில் போட்டிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு நாளும் பாயசம். இது இரட்டை வேஷம் இல்லையா என்று என் மகள் கேட்டாள். இல்லை என்றேன். இசட் ஷெல்லில் 'எமுலேட்' கட்டளையோடு 'எல்' என்ற எழுத்தைச் சேர்த்தால், அந்த ஒரு ஃபங்க்ஷன் முடியும் வரைக்கும்தான் மாற்றம் செல்லும். வெளியே வந்ததும் பழைய அமைப்புகள் தானாகத் திரும்பிவிடும். தேசாசாரம் என்று சாஸ்திரம் அனுமதிப்பதும் இதைத்தான். பத்மநாபசுவாமி கோயிலில் சட்டையைக் கழற்றுகிற ஆண், நெல்லையப்பர் கோயிலில் அப்படியே உள்ளே போகிறான். பக்தி எந்த இடத்திலும் குறைந்துவிடவில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்கிரிப்டின் முதல் வரியில் 'இதைப் பொது ஷெல்லில் ஓட்டு' என்று எழுதிவிட்டு, உள்ளே பாஷுக்கு மட்டுமே தெரிந்த இரட்டைச் சதுர அடைப்பையும் அர்ரேக்களையும் பலர் தாராளமாகப் போட்டார்கள். பல லினக்ஸ் கணினிகளில் பொது ஷெல் என்ற பெயருக்குப் பின்னால் பாஷே உட்கார்ந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பெயரில் கூப்பிட்டால் பாஷ், பாசிக்ஸ் என்ற பொதுத் தரத்தின் முறைக்கு மாறும் என்பது உண்மைதான். ஆனால் தன் சொந்த வசதிகள் எல்லாவற்றையும் அது மூட்டை கட்டி வைப்பதில்லை. 2006இல் உபுண்டு 6.10 வந்தபோது அந்த நாற்காலியில் டாஷ் என்ற சிறிய, வேகமான ஷெல்லை உட்கார வைத்தார்கள். அதுவரை 'பொது' என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்த ஸ்கிரிப்டுகள் மளமளவென்று விழுந்தன. பாஷிசம் என்று அவற்றின் வியாதிக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. தன் வீட்டு வழக்கத்தை உலக நியதி என்று நம்பியதுதான் அந்த வியாதி.

மதத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. அகிம்சை, சத்தியம், திருடாமை, தூய்மை, புலனடக்கம் என்று ஐந்தை எல்லா வர்ணத்துக்கும் பொதுவாக மனுஸ்மிருதி பத்தாம் அத்தியாயத்தில் வைக்கிறது. முதல் வரி நன்றாகத்தான் இருக்கிறது. அதே நூல் மற்றப் பக்கங்களில் பிறப்பைப் பார்த்து ஆளுக்கொரு விதி எழுதுகிறது. அந்த விதிகள்தான் திருவிதாங்கூரில் கோயில் வாசலில் நின்று, யார் உள்ளே வரலாம் என்று தீர்மானித்தன. அநாதி, மாற்ற முடியாதது என்றார்கள். 1936 நவம்பர் 12இல் மகாராஜா சித்திரைத் திருநாள் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அரசின் பொறுப்பிலிருந்த கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன. அதற்குப் பின்னால் ஆண்டுக்கணக்கான போராட்டம் இருந்தது. தெய்வம் கோயிலைவிட்டுப் போய்விடவில்லை. இயற்கை விதி என்று எங்களைப் போன்ற குடும்பங்கள் நம்பிவந்தது, யாரோ ஒருவர் ஆன் செய்து வைத்திருந்த ஆப்ஷன்.

எதிர்வீட்டு மாமா வேதாந்தம் படித்தவர். இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, உபாதியெல்லாம் ஒண்ணொண்ணா நீக்கினா மிஞ்சறது ஆத்மான்னு ஆசார்யாள் சொல்றார். உன் ஷெல்லுல எல்லா ஆப்ஷனையும் அணைச்சுட்டா அந்தப் பொது கிடைச்சுடுமே?"

"அணைச்சு வைக்கறதும் ஒரு செட்டிங்தான் மாமா" என்றேன்.

அவர் சிரித்தாரே தவிர ஒப்புக்கொள்ளவில்லை. ஆத்மாவைப் பற்றி அவரோடு வாதாட எனக்குத் தகுதி போதாது. நடத்தையைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்வேன்: எந்த அமைப்பும் இல்லாத ஷெல் கிடையாது, எந்த ஆசாரமும் இல்லாத மனிதரும் கிடையாது. சொற்களைப் பிரித்தால் ஒரு வழக்கம், பிரிக்காவிட்டால் இன்னொரு வழக்கம். நடுவில் நிற்க இடம் இல்லை. ஷெல்லுக்கான பாசிக்ஸ் தரம்கூட வானத்திலிருந்து விழவில்லை. குழுவாக உட்கார்ந்து பேசி 1992இல் வெளியிட்டது.

பாசிக்ஸ் என்ற பெயரை முன்மொழிந்த ரிச்சர்ட் ஸ்டால்மனே அதில் எல்லாவற்றையும் ஏற்றவர் இல்லை. வட்டில் இடத்தை 512 பைட் துண்டுகளாகக் கணக்கிடச் சொன்னது தரம். அவருடைய குனூ கருவிகள் 1024 என்றே வைத்துக்கொண்டன. தரப்படிதான் வேண்டும் என்பவருக்காக 'பாசிக்ஸ்லி கரெக்ட்' என்று ஒரு சூழல் மாறியையும் வைத்தார்கள். என் கருத்து இது, உனக்கு அது வேண்டுமானால் ஸ்விட்ச் இங்கே இருக்கிறது என்ற ஏற்பாடு. அந்த ஸ்டால்மன்தான் 2001 ஜூலையில் இதே திருவனந்தபுரத்துக்கு வந்து இந்திய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தார்.

கருத்து வேறுபாட்டை இதைவிட மரியாதையாக நடத்த எனக்கு வழி தெரியவில்லை. பொது என்பது பேசிப் பேசி எட்டுகிற ஒப்பந்தம். அந்தப் பேச்சில் உட்காராதவர் மேல் அதை நியதியாகச் சுமத்தக் கூடாது. ஆசாரம் இருக்கட்டும், அடுத்தவர் வீட்டில் அவர் ஆசாரத்துக்கு இறங்கிப் போகவும் தெரிந்திருக்கட்டும். ஆனால் உங்கள் வழக்கத்துக்கு 'சனாதனம்', 'உலகப் பொது' என்று முதல் வரி எழுதும் முன், வேறொரு ஷெல்லில் அதை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். ஓடாவிட்டால் முதல் வரியைத் திருத்துங்கள்.