எண்ணின் சாட்சியம்

பொய்யான எண்ணைச் சொல்லி ஏமாற்றுவோரை உலகம் விரைவில் கண்டுகொள்கிறது. மெய்யான எண்ணைச் சொல்லி ஏமாற்றுவோரையோ அறிஞர் என்று போற்றுகிறது. உண்மையான எண் ஒன்றைக் கொண்டு பொய் சொல்ல இயலுமா? இவ்வினாவைத் தர்க்கவாதிகளின் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. கடன்பட்டு லாரி வாங்கும் எளியவரின் வாழ்வையும் தொடும் அறவினா இது. டீசல் எஞ்சின்களின் உழைப்பைப் பற்றி மக்கள் தீர்ப்புக் கூறும் முறையைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

கிரேக்க நாட்டில் வாடகைக் காராக ஓடிய 1976ஆம் ஆண்டின் மெர்சிடீஸ் 240டி ஒன்று, 46 இலட்சம் கிலோமீட்டர் ஓடிய பின், 2004இல் அந்நிறுவனத்தின் அருங்காட்சியகத்திற்குச் சென்றது. டீசல் எஞ்சினுக்கு அழிவே இல்லை என்பார்க்கு இது உகந்த சான்று. ஆனால் அக்காரின் எஞ்சின் பன்முறை மாற்றப்பட்டது என்னும் செய்தியை அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை. அத்தனை தூரமும் ஓடியது ஒரே கார். ஒரே எஞ்சின் அன்று. அதே ஆண்டில் பிறந்து, பழைய இரும்புக் கடையில் முடிந்துபோன கார்களின் கதையை எழுதுவார் யார்?

இதற்கு எதிரான கதையும் உண்டு. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1978 முதல் 1985 வரை ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் 5.7 லிட்டர் டீசல் எஞ்சினைப் பொருத்தி விற்றது. பெட்ரோல் எஞ்சினின் அமைப்பைத் தழுவி உருவானது அது. அக்காலப் பெட்ரோல் எஞ்சினில் காற்று ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காக அமுக்கப்படும். இதிலோ இருபதில் ஒரு பங்கினும் குறைவாக அமுக்கப்பட்டது. அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டிய ஹெட் போல்ட்டுகளின் அமைப்பு மட்டும் பழையபடியே இருந்தது. போல்ட்டுகள் நீண்டன; முறிந்தன; கேஸ்கட்டுகள் பழுதுற்றன. எரிபொருளில் கலந்த நீரைப் பிரிக்கும் கருவி இல்லாமையால் பம்புகளும் கெட்டன. வழக்குகள் எழுந்தன. அதன்பின் அமெரிக்கர் பலர் டீசல் கார் என்றாலே அஞ்சி விலகினர். அதே ஆண்டுகளில், அதே சாலைகளில், மெர்சிடீஸின் ஐந்து சிலிண்டர் டீசல் எஞ்சின் நல்ல பெயருடன் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வடிவமைப்பின் குற்றம் ஓர் இனத்தின் குற்றமாகிவிட்டது!

புகழ்ந்தோரும் இகழ்ந்தோரும் செய்த பிழை ஒன்றே. எத்தனையில் எத்தனை என்று இருவருமே கேட்கவில்லை. பட்டறைக்கு வருபவை பழுதான வண்டிகள் மட்டுமே. நன்றாக ஓடுவனவற்றை மெக்கானிக் காண்பதில்லை. 'பழுதாகி வந்த நூறு எஞ்சின்களில் அறுபது இன்ன நிறுவனத்துடையவை' என்று அவர் சொன்னால் அது மெய்யே. ஆனால் அவ்வட்டாரச் சாலைகளில் ஓடும் நூறில் எழுபது அந்நிறுவனத்துடையவையாக இருந்து, எல்லாம் ஒத்த தூரம் ஓடியிருப்பின், அதே அறுபது அந்நிறுவனத்திற்கு நற்சான்றாக மாறிவிடும். அவ்வாறே, நாள்தோறும் சரக்கேற்றி ஓடும் லாரியையும் விடுமுறை நாளில் மட்டும் வெளியே வரும் காரையும் ஆண்டுக் கணக்கில் ஒப்பிடுவதும் முறையன்று.

காலத்தின் கண்ணியில் சிக்குவோரும் உளர். நூறு லாரிகள் ஒவ்வொன்றும் ஓர் இலட்சம் கிலோமீட்டர் ஓடும் காலத்திற்குள் பத்தின் எஞ்சின்கள் பழுதாகி நின்றன என்றும், அவை நின்ற தூரம் சராசரியாக 80,000 கிலோமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். 'இந்த எஞ்சினின் சராசரி ஆயுள் 80,000' என்பார் பகைவர். இலட்சத்தைக் கடந்து இன்னும் ஓடும் தொண்ணூற்றை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. 'நூற்றுக்குத் தொண்ணூறு குறையற்றவை' என்பார் விற்பவர். இலட்சத்திற்கு அப்பால் என்ன நிகழும் என்பதை அவர் சொல்லவில்லை. இருவர் கூறிய எண்ணும் மெய். இருவர் கூற்றும் பொய்.

சுவீடன் நாட்டு அறிஞர் வைபுல் 1951இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கிய பரவல் முறை, இத்தகைய கணக்குகளுக்கு இன்றும் பயன்படுகிறது. நின்றவற்றோடு இன்னும் ஓடுபவற்றையும் சாட்சிகளாக ஏற்க அம்முறை இடந்தருகிறது. பொறியாளர்கள் 'பி10' என்று ஓர் அளவையும் வழங்குகின்றனர். நூற்றுக்குப் பத்து பழுதடையும் எல்லை எது என்பதே அதன் பொருள். நமது எடுத்துக்காட்டில் அது ஏறத்தாழ ஓர் இலட்சம் கிலோமீட்டர். எத்தனையில் எத்தனை, எவ்வளவு தூரத்திற்குள் என்னும் இரண்டையும் ஒருங்கே சொல்வதால் அது நேர்மையான அளவு.

'வண்டி வாங்கப் போகிறவன் கணிதம் கற்றுவிட்டா போக வேண்டும்?' என்று கேட்கலாம். வேண்டியதில்லை. குறைந்த அறிவோடு முடிவெடுப்பது மனிதர் அனைவர்க்கும் உள்ள நிலை, அதில் குற்றமில்லை. குறைந்த அறிவை நிறைந்த அறிவாகப் பிறர்முன் சாட்சி சொல்வதே குற்றம். 'எனக்குத் தோன்றுகிறது' என்பவரை நாம் எடைபோட்டுக் கேட்கிறோம். 'நூற்றுக்கு அறுபது' என்பவர்முன் நம் ஐயம் வாய்மூடி நிற்கிறது. ஆகவே எண்ணைக் கையாள்வோர்க்குப் பொறுப்பு மிகுதி. அவர் சொல்லை நம்பி வாங்கிய எஞ்சின் பாதிவழியில் நின்றாலும் கடன் தவணை நிற்பதில்லை. அவர் சொல்லால் நல்ல எஞ்சின் ஒன்று சந்தையை இழந்தால், அதைச் செய்த தொழிலாளரின் அடுப்பும் அணையக்கூடும்.

எண்ணைச் சொல்லுமுன் மூன்றை நாம் கேட்டுக்கொள்வோமாக: எத்தனையில் எத்தனை? எவ்வளவு தூரத்திற்குள்? எண்ணப்படாமல் விடுபட்டவை எவை? இவற்றுக்கு விடை இல்லாதபோது, 'அறியேன்' என்று சொல்லுதலே அறிவுடைமை.